கம்பியில்லாக் குரலும் அமானிதமே



நோணாங்குப்பத்தில் வாழ்வோருக்குத் தண்ணீரைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வடக்கே அரியாங்குப்பம் ஆறு, தெற்கே சுண்ணாம்பாறு, கிழக்கே வங்கக் கடல். கடலூர் சாலையும் பாலங்களும்தாம் நமக்கு வெளியுலகத்தோடுள்ள தொடர்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகக் காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறிய வேளையில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. மின்சாரம் நின்றால் கைப்பேசிக் கோபுரம் தன் பேட்டரி தாங்கும் வரைதான் பேசும். அதன்பின் பிள்ளை எங்கே, பெற்றோர் எங்கே என்று அறிய வழியின்றி வீடுகள் தவிக்கும்.

இத்தகைய வேளைக்காகவே நம் மதரஸாவில் ஓதி முடித்த ஒரு சகோதரர், தம் சிறிய காரில் இருவழி வானொலிக் கருவிகளைப் பொருத்தினார். அவர் முறைப்படி உரிமம் பெற்ற ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர். பொருத்தும் பணியில் நாமும் இரண்டு நாள் உடனிருந்தோம். அங்கு கண்டதையும், அதையொட்டி எழுந்த ஒரு மார்க்கக் கேள்வியையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயனளிக்கும் என்று கருதுகிறோம்.

வானொலித் தொடர்பு நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி வசதி போதாத ஊர்களை அது இருவழி வானொலிக் கருவிகளால் இணைத்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிச் செய்தியைச் சிங்கப்பூரில் அறிந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டுசேர்த்தது. மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர். அதே நாள்களில் அந்தமானில் தொலைத்தொடர்பு அறுந்தபோது, போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய குழுவினரும் தம் கருவியின் வழியே தீவுகளின் செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பினர். இவ்விரு நிகழ்வுகளிலும் கருவி ஆபத்துக்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர்களும் அருகில் இருந்தார்கள்.

இனிக் காருக்கு வருவோம். சகோதரர் இரண்டு கருவிகளைப் பொருத்தினார். ஒன்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் சில கிலோமீட்டர் சுற்றளவில் பேசுவதற்கு. மற்றொன்று 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவைத் தொடுவதற்கு. முதற்கருவி 50 வாட் ஆற்றலில் பேசும்போது 10 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் இழுக்கும். இரண்டாவது 100 வாட்டில் 20 ஆம்பியர் வரை கேட்கும். ஆகவே சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது என்றார். தடித்த கம்பிகளைப் பேட்டரியிலிருந்தே நேரடியாக இழுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வைத்தார். ஃபியூஸ் கருவியின் பக்கம் மட்டும் இருந்தால், வழியில் கம்பி உரசித் தகட்டில் பட்டவுடன் தீப்பற்றும். காப்பதற்கு எதுவும் இராது.

என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் கம்பியை, ஏற்கெனவே உள்ள ரப்பர் வளையத்தின் வழியாகவே நுழைத்தார். அது பிரேக், ஆக்சிலரேட்டர் மிதிகளில் சிக்காதவாறும், காற்றுப்பை விரியும் இடத்தைத் தொடாதவாறும் ஓரமாகக் கட்டப்பட்டது. சிறிய காரின் பேட்டரி ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணி அளவுதான். என்ஜினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசினால், உதவிக்குப் புறப்பட வேண்டிய வண்டியே தள்ளுவதற்கு ஆள் தேடும்.

ஆன்டெனா விஷயத்தில் சிறிய காரே ஒரு வசதி செய்து தருகிறது. 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர்; அதில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள கம்பி போதும். அந்தக் கம்பிக்குக் கீழே எல்லாப் பக்கமும் அதே அளவுக்கு உலோகத் தளம் இருப்பது நல்லது. காரின் கூரை ஒரு மீட்டருக்குச் சற்று மேலான அகலம் என்பதால், நட்ட நடுவில் வைத்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது. துளையிடாமல், காந்த அடித்தளம் கொண்ட ஆன்டெனாவையே அவர் தேர்ந்தார். கடற்கரை மணலும் உப்பும் காந்தத்தின் அடியில் சேர்ந்து பெயின்டைத் தேய்க்கும். ஆகவே அடிக்கடி எடுத்துத் துடைக்க வேண்டும். கேபிள் கதவு ரப்பருக்கு அடியில் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டார். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வண்டிக்குள் வழியாது.

7 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை என்றால் 10 மீட்டர் கம்பி வேண்டும். காரில் அது நடவாது. எனவே கம்பிச்சுருள் கோத்த ஏறத்தாழ 2 மீட்டர் உயர ஆன்டெனாவைப் பின்பக்கம் இரும்புத் தாங்கியில் பூட்டி, தாங்கியைத் தகட்டுக் கம்பிப் பட்டையால் வண்டியின் உடலோடு இணைத்தார். இறுதியில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இடையில் இணைத்து அளந்தார். அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். 1.5க்குக் கீழே வரும்வரை ஆன்டெனாவின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்தார். பேசும்போது ஆன்டெனாவைத் தொட்டால் தோல் பொசுங்கும் என்பதால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீ நூலில் இடம்பெற்றுள்ளது. அந்த ஃபியூஸும் மழைநீருக்கான வளைவும் நம் காலத்துக் கயிறுகள் என்றே நமக்குத் தோன்றியது.

கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது. வண்டியைப் பார்த்த ஜமாஅத் பெரியவர் ஒருவர், "உஸ்தாத், இணையத்தில் மலிவாக வாக்கி டாக்கி கிடைக்கிறதாமே, பத்து வாங்கி நம் தொண்டர்களுக்குக் கொடுத்துவிடலாமே. உயிரைக் காக்கும் காரியத்தில் உரிமமா பார்ப்பார்கள்?" என்று கேட்டார். அவருடைய நிய்யத் தூய்மையானது. ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பதைப் போன்றது என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் போதிக்கிறது. ஆயினும் அதே அத்தியாயம் தொடங்குவதே ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படியான கட்டளையோடுதான். நாட்டின் அலைவரிசைகள் அனைவருக்கும் பொதுவான அமானிதம். உரிமமற்ற கருவி ஒன்று தவறான அலைவரிசையில் பேசினால், அதே கணத்தில் அங்கு பேசிக்கொண்டிருக்கும் காவல்துறையின் குரலோ மீட்புப் படையின் குரலோ அமுங்கிப்போகலாம். நாம் ஓர் உயிரைத் தேடும்போது, நம்மையறியாமல் வேறோர் உயிருக்கான அழைப்பை மறைத்திருப்போம். முறையற்ற வாக்கி டாக்கி விற்பனைக்காக 2025இல் இணைய வணிகத் தளங்கள் பலவற்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியதும் இக்காரணத்தையொட்டியே.

ஹலாலான வழி அடைபட்டிருக்கவும் இல்லை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த ஆற்றலில் இயங்கும் அங்கீகரிக்கப்பட்ட கருவிகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. தெருவுக்குத் தெரு பேச அவை போதும். தொலைவுக்குப் பேச விரும்புவோர், மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் அமெச்சூர் தேர்வை எழுதலாம். 12 வயது நிரம்பியவர்களும் எழுதத் தகுதியுடையவர்கள். இயற்கைப் பேரிடரில் வழக்கமான தொடர்பு செயலிழந்தால், பிறருடைய அவசரச் செய்திகளை அதிகாரிகளுக்குச் சேர்ப்பிக்க அமெச்சூர் விதிகளே இடமளிக்கின்றன. இதை எடுத்துரைத்தபோது பெரியவர் முழுமையாக மனம் ஒப்பவில்லை. "தேர்வு முடிவு வரும்வரை புயல் காத்திருக்குமா?" என்றார். நியாயமான கவலைதான். அதனால்தான் புயல் இல்லாத மாதங்களில் இதைத் தொடங்க வேண்டும் என்கிறோம். மஷ்வராவின் முடிவில், அங்கீகாரம் பெற்ற சில சிறு கருவிகள் மட்டும் வாங்குவதென்றும், மாணவர் இருவர் தேர்வுக்குப் படிப்பதென்றும் தீர்மானமாயிற்று.

அவ்விருவருக்கும் சகோதரர் முதலில் கற்பித்தது பேசுவதை அன்று, கேட்பதை. இருவழிக் கருவியில் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை நம் காதுக்கு எதுவும் எட்டாது. ஆகவே முதலில் அலைவரிசையில் எவரேனும் பேசுகிறாரா என்று கேட்க வேண்டும். பிறகு தம் அழைப்புக்குறியைச் சொல்லித் தம்மை அறிவிக்க வேண்டும். பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் உரைக்கும்படி அந்நூர் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கத்தை மதரஸாவில் படித்த பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கியது. கேட்ட செய்தியைத் தீர விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் எச்சரிக்கையையும் நாம் அவர்களுக்கு நினைவூட்டினோம். "அணை உடைந்துவிட்டது" என்ற ஒரு பொய்ச் செய்தி, வெள்ளத்தை விட விரைவாக ஊரைக் கலைத்துவிடும். யார் சொன்னார், எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டிய பிறகே அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் ஊரிலும் ஆறோ கடலோ அருகில் இருந்தால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஜமாஅத்தில் இதைப் பற்றி ஒரு மஷ்வரா செய்யுங்கள். கருவி வாங்க வசதியில்லாவிடினும், உரிமம் பெற்ற வானொலியாளர் உங்கள் பகுதியில் யார் என்று அறிந்து வைத்திருங்கள். அவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் அவரோடு நட்புக் கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் ஊர்களைப் பேரிடர்களிலிருந்து காப்பானாக! ஆபத்தில் அழைப்போரின் குரலைக் கேட்கும் காதுகளையும், உடனே விரையும் கால்களையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.