நான் திருத்திய கதை

கோவிலூரில் கொற்றவாளீசுவரர் கோவில் ஊருணிப் படியில் மாலை வேளைகளில் அமர்ந்து மாணவர் கட்டுரைகளைத் திருத்துவது என் வழக்கம். சென்ற மாதம் ஒரு நாள், என்னிடம் படித்து இப்போது சர்வகலாசாலையில் பயிலும் பையன் ஒருவன் அங்கே வந்து சேர்ந்தான். தங்கள் துறைச் சஞ்சிகைக்கு எழுதிய கதையை நீட்டி, "ஐயா, பிழை இருந்தாத் திருத்திக் குடுங்க" என்றான். சிவப்புப் பேனாவை எடுத்தேன்; மூடியைத் திறக்கக் கை வரவில்லை.

காரணம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு பத்திராதிபதி! கலாசாலை ஆண்டு மலருக்கு மாணவ ஆசிரியன். நன்னூற் சூத்திரங்கள் நாவில் நடமாடிய காலம் அது. நண்பன் ஒருவன் கதை கொண்டுவந்தான். செட்டிநாட்டு வீடொன்றை விலைபேசிப் பிரிக்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள் லாரியில் ஏறுகின்றன. வளவில் உட்கார்ந்திருக்கும் ஆயா சொல்கிறாள்: "தூணைப் பேத்துட்டாக. இனி எதைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிப்பேன்?"

நான் திருத்தினேன். "தூண்களை அகற்றிவிட்டனர், இனி யான் எதனைப் பற்றி எழுவேன்?" என்று அச்சில் வந்தது. அப்பச்சி 'தந்தையார்' ஆனார். ஆயா 'பாட்டியார்' ஆனாள். மலரைப் புரட்டிப் பார்த்த நண்பன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன். அதன்பின் அவன் ஒரு வரியும் எழுதவில்லை.

எங்கள் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் சர்வகலாசாலை கண்டார். அங்கே 1931-இல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகள், 1943-இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947-இல் அடிகள் மறைய, அந்தப் பீடத்துக்கு வந்தவர் க. கணபதிப்பிள்ளை. ஏழு, எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து லண்டனில் டாக்டர் பட்டம் பெற்ற பண்டிதர் அவர். ஆனால் 1940-லேயே 'நானாடகம்' என்ற நூலில் யாழ்ப்பாணத்து மக்களை அவர்கள் வீட்டில் பேசுகிறபடியே பேசவிட்டார்! கல்வெட்டைப் படித்தவருக்கு இல்லாத அச்சம், நன்னூலை மட்டும் படித்த எனக்கு எங்கிருந்து வந்ததோ!

அவர் காலத்தில் அந்தச் சர்வகலாசாலைத் தமிழ்ச் சங்கம் தொடங்கிய சஞ்சிகை 'இளங்கதிர்'. அதன் பழைய இதழ்கள் சிலவற்றை 'நூலகம்' என்னும் மின்னூலகத்தில் இரவுகளில் படித்து வருகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரை, கவிதை, கதை எல்லாம் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. பேராதனையில் பயின்ற செங்கை ஆழியான், செம்பியன் செல்வன் முதலியோர் 1960-களின் தொடக்கத்தில் 'கதைப்பூங்கா' என்ற சிறுகதைத் தொகுதியை மாணவப் பருவத்திலேயே வெளியிட்டனர். பின்னாளில் இருவரும் ஈழத்தின் பெயர்பெற்ற எழுத்தாளராயினர். எங்கள் ஊரார் தலைமுறை தலைமுறையாக இலங்கைக்குக் கப்பலேறி வட்டிக்கணக்கு எழுதினார்கள். திரும்புகையில் இந்தச் சரக்கையும் கொஞ்சம் ஏற்றி வந்திருக்கலாம்.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த பழைய நூல்களும் பத்திரிகைகளும், அவர் மறைவுக்குப்பின் சிகாகோ சர்வகலாசாலையின் முயற்சியால் சென்னையில் தனி நூலகமாயின. அப்படிப்பட்ட சேகரத்தில் எங்கள் மலரே கிடைத்தாலும் பயன் என்ன? அதில் இருப்பது நான் எழுதிய கிழவி.

பையனை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, நேரே காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். நண்பன் இப்போது கடை வைத்திருக்கிறான். தலையில் நரை, கணக்குப் புத்தகத்தில் அதே அழகிய கையெழுத்து. தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அந்தக் கதையோட மூலப்பிரதி இருக்கா?"

அவன் கல்லாப்பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தான்.

"உன்கிட்டத்தானப்பா குடுத்தேன்."