சாம்ப்ளரா, சிந்தஸைசரா?

அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வீட்டில், "சிந்தஸைசர் வாங்குவதா, சாம்ப்ளர் வாங்குவதா என்று யோசிக்கிறேன்" என்று சொன்னால் என்ன பதில் வரும்? என் மனைவி கேட்டது இது: "ரெண்டுல எது முழங்காலுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு?"

விஷயம் இதுதான். அகவிலைப்படி நிலுவையாக ஒரு தொகை கைக்கு வந்தது. மாடி அறையில் சின்னதாக ஓர் இசைக்கூடம் அமைக்க வேண்டும் என்பது வேலையில் இருந்த காலத்து ஆசை. பழைய கீபோர்டு, ஒரு மைக், சின்ன மிக்ஸர், இரண்டு ஸ்பீக்கர் ஏற்கெனவே இருக்கின்றன. வந்த பணத்தில் இன்னும் ஒரு கருவி வாங்கலாம். ஒன்றே ஒன்றுதான். "எல்லாமே கம்ப்யூட்டர்ல இருக்குப்பா" என்றான் மகன். முப்பது வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு இனிமேலும் ஒரு திரையைப் பார்க்க மனமில்லை. கையால் திருகக் குமிழும், தட்டக் கட்டையும் வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிந்தஸைசர் ஒலியைத் தானே உண்டாக்கும். உள்ளே மின்சுற்று ஓர் அதிர்வை எழுப்பும்; வடிகட்டி அதைச் செதுக்கும்; ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதை நாம் குமிழ்களால் சொல்வோம். 1970-ல் வந்த மினிமூக் இந்த வகை. 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் கண்டுபிடித்த முறையில், ஓர் அதிர்வால் இன்னோர் அதிர்வை அசைத்து ஒலியை உண்டாக்கியது. எண்பதுகளின் பாட்டுகளில் மணி போலக் கணீரென்று கேட்கும் எலெக்ட்ரிக் பியானோ பெரும்பாலும் அதன் வழி வந்ததுதான். அதற்குள் பதிவு செய்த ஒலி ஒரு துளிகூடக் கிடையாது.

சாம்ப்ளர் அப்படியல்ல. உலகத்தில் ஏற்கெனவே உள்ள ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டையைத் தொட்டதும் திருப்பித் தரும். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு டேப் இருந்தது. சுமார் எட்டு வினாடி ஓடும். 1979-ல் சிட்னியில் உருவான ஃபேர்லைட் இதையே கணினியில் செய்தது. அந்த விலைக்கு நம் ஊரில் அப்போது வீடே வாங்கிவிடலாம்.

ஏழைகளின் ஃபேர்லைட் நம் வீடுகளுக்கும் வந்தது. 1986-ல் வெளிவந்த காசியோ எஸ்கே-1 நினைவிருக்கிறதா? வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில் சில அப்படி இறங்கின. அதிலிருந்த சின்ன மைக்கில் 1.4 வினாடி ஒலியைப் பதியலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று அதில் "அம்மா" என்றோம். கீழ்க்கட்டையில் அந்த அம்மா ஆம்பளைக் குரலில் இழுப்பாள். மேல்கட்டையில் அணில் மாதிரிக் கீச்சென்று ஓடிவிடுவாள். சாம்ப்ளரின் பலமும் பலவீனமும் அந்த ஒரு "அம்மா"வில் அடங்கிவிட்டன.

அந்தப் பலவீனம் நம் இசைக்குப் பெரிய விஷயம். தோடியின் காந்தாரத்தை அசைவோடு ஒருவர் பாடிப் பதிந்தால், அந்த அசைவும் ஒலியோடு உறைந்துவிடும். எளிய சாம்ப்ளரில் அதையே ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் அசைவு இரட்டை வேகமாகும். ஒலி பாதி நேரத்தில் முடியும். இன்றைய கருவிகள் நேரத்தை மட்டும் தனியே நீட்டித் தரும் என்றாலும், கமகத்தை அந்தக் கணத்தில் பிறப்பிக்க அவற்றால் முடியாது. சிந்தஸைசரில் இடது கைச் சக்கரத்தால் சுரத்தை வளைக்கலாம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். கீபோர்டில் கர்நாடக இசை வாசிக்கும் கே. சத்தியநாராயணனைக் கேட்டவர்களுக்கு அந்தச் சக்கரம் என்ன செய்யும் என்று தெரியும். ஆகவே நான் மனதளவில் ஒரு கோர்க் மினிலாக்கை வாங்கியே விட்டிருந்தேன். நான்கு குரல், 37 கட்டை. மேஜையில் இடமும் அடைக்காது.

யோசனையை மாற்றியவர் எங்கள் அண்ணாச்சி.

எண்பதுகளில் நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைகளில் எங்கள் மெல்லிசைக் குழுவைக் கேட்டவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தபேலாவும் டோலக்கும் அவர்தான். நான் கீபோர்டு. அவர் "நா" என்று தட்டினால் பின்வரிசை மைக்செட்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். பிறகு 1992-ல் 'ரோஜா' வந்தது. மேடையிலும் அதே ஒலி வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். குழுக்களுக்குள் பேட் நுழைந்தது. ரப்பர் சதுரங்களைக் குச்சியால் தட்டினால் தபேலா, டோலக், உறுமி எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வரும். ஒருவர் சம்பளம் மிச்சம். வேனில் ஓர் இடமும் மிச்சம். ஒரு தை மாதத்தில் குழுவை நடத்தியவர் அண்ணாச்சியிடம், "இனிமே பேட் போதும்" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி பெட்டிக்கடையில் உட்கார்ந்தார். மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது அவருக்கு எழுபது. மூட்டுவாதத்தில் விரல்கள் வளைந்துவிட்டன. ஓர் அடி சுத்தமாக விழும். அடுத்த அடிக்கு விரல் எழுந்து வர நேரமாகும். துரித காலம் கிடையாது. தபேலாவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

அதைக் கேட்டபோதுதான் தோன்றியது. அவரிடம் இன்னும் இருப்பது தனித்தனி அடிகள். சாம்ப்ளருக்குத் தேவையானதும் அதுதான். அதன் ரப்பர் கட்டைகளுக்குப் பலம் வேண்டாம். லேசாகத் தொட்டாலே பேசும்படி வைக்கலாம்.

சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பொட்டிதானே தம்பி என்னைய வீட்டுக்கு அனுப்பிச்சு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வற்புறுத்தவும் இல்லை. பத்து நாள் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் தபேலா.

16 கட்டை உள்ள சின்ன சாம்ப்ளர் ஒன்றை வாங்கினேன். மூன்று நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிந்தோம். சுத்தியலால் வார்க்கட்டைகளைத் தட்டிச் சுருதி சேர்க்கவே அரை மணி நேரம். பிறகு ஒரு "நா", ஓய்வு. ஒரு "தின்", ஓய்வு. மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று ஒவ்வொன்றிலும் மூன்று. மெல்லத் தட்டுவது வெறுமனே குறைந்த சத்தம் அல்ல. ஒலியின் குணமே வேறு.

முதலில் வாசித்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "என் 'நா'தான். ஆனா எல்லாம் ஒரே 'நா'வால்லா இருக்கு. மனுசன் அப்படியா அடிப்பான்?" நூல்களில் நான் படித்துத் தெரிந்துகொண்ட பாடத்தை அவர் காதால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். மறுநாள் ஒவ்வோர் அடியையும் நான்கு தடவை பதிந்து, மாறி மாறி வரும்படி அமைத்தோம். கும்கி மட்டும் பிடிபடவில்லை. இடது உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் அந்த நெளிவு ஒவ்வொரு முறையும் ஒரு தினுசு. மூன்று பதிந்தோம். "மூணு கும்கிய வச்சு ஒரு கச்சேரியா?" என்று சிரித்தார்.

தொண்ணூறுகளின் சாம்ப்ளர் என்றால் இதற்கே திணறியிருக்கும். சிடி தரத்தில் ஒரு வினாடி மோனோ ஒலிக்கு 88,200 பைட் வேண்டும், 1.44 எம்பி ஃபிளாப்பியில் 16 வினாடிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். இன்று நகத்தளவு அட்டையில் அவருடைய அத்தனை அடிகளும் இடம் பிடித்துவிட்டன. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் பேரனிடம் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாசிக்கிறோம். பழைய வேகத்தில் அல்ல, நடுத்தரக் காலத்தில். என் பழைய கீபோர்டில் மெட்டு. அவர் விரல் நுனிகளில் தாளம். மனைவி இப்போது முழங்காலைப் பற்றிக் கேட்பதில்லை. நாங்கள் ஆரம்பித்தால் கீழே டிவியை நிறுத்திவிடுகிறாள்.

யாராவது இதே குழப்பத்தில் இருந்தால் ஒன்று சொல்வேன். மெட்டும் கமகமும்தான் உங்கள் தேவை என்றால் சிந்தஸைசர் வாங்குங்கள். சக்கரத்தை வளைக்க ஆறு மாதம் பழகுங்கள். உங்கள் பாட்டுக்கு வேண்டிய ஒலி ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கிறது என்றால், சாம்ப்ளர் வாங்கி, அவருக்கு எந்தக் காலை வசதிப்படும் என்று முதலில் கேளுங்கள்.

மினிலாக் கடையில்தான் இருக்கிறது. அடுத்த நிலுவை வரட்டும்.