மீட்டருக்கு இந்தப் பக்கம்

இந்த வருடம் தைப்பூசம் முடிந்ததும் பைப் வேலைக்கான என் ஸ்பான் பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். முழங்கால் இனி ஏணிக்கு ஒத்துவராது. ஸ்டில்சன், டை செட், கட்டர் எல்லாவற்றையும் தம்பி மகனிடம் கொடுத்தாயிற்று. அவன் டை செட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு பெரியப்பா? இப்பதான் பி.பி.ஆர். பைப்பைச் சூடு காட்டி ஒட்டிடறோமே" என்றான். நியாயந்தான். பி.பி.ஆர். நல்ல பைப், துரு பிடிக்காது, மரை வெட்ட வேண்டாம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. மேலே ஏறித் தொட்டியைப் பார்க்காமலேயே அவன் வேலையை முடித்துக் காசு வாங்கிவிடுகிறானே, அதுதான் சண்டை.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பழைய வீட்டுக்காரர்கள் தண்ணீர் பழுப்பாக வந்தால் உடனே ஆயர் சிலாங்கூரைத் திட்டுவார்கள். முன்பு சபாஸைத் திட்டினார்கள், அதற்கு முன் புவாஸை, அதற்கும் முன் ஜே.பி.ஏ.வை. திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1998இல் வாளியோடு லோரிக்குக் காத்து நின்றவர்கள் நாம். 2014 வறட்சியில் பங்கீட்டுத் தண்ணீர். 2020 செப்டம்பரில் சுங்கை கோங்கில் கலந்த கழிவின் நாற்றத்தால் சுங்கை சிலாங்கூரின் மூன்று நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் மூடப்பட்டு, ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய் வறண்டது. அதற்கெல்லாம் பைப்காரனிடம் மருந்து கிடையாது. ஆனால் அவை சில நாள், சில வாரம், மிஞ்சினால் சில மாதம். வருடம் முழுவதும் உங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் வரும் பழுப்பும் வாடையும் மீட்டருக்கு இந்தப் பக்கம் பிறந்தவை. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டரைத் தினமும் தாண்டிப் போகிறவர்களுக்கும் இது தெரிவதில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஜாலான் ரொசாரியோ பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் ஒழுகினாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவரிடம் நான் முதலில் கற்றது சணல் சுற்றுவது. மரை ஓடும் திசையிலேயே, நுனியிலிருந்து தொடங்கி, இழை மெல்லியதாகப் பள்ளத்தில் படுத்திருக்க வேண்டும். முண்டு முண்டாகச் சுற்றினால் அவிழ்த்து எறிந்துவிடுவார். பட்டறையில் நீராவிக் குழாய்க்குச் சிவப்பு ஈயப் பசை தடவுவார்கள். அந்த டின் அவரிடமும் இருந்தது. ஆனால் வீட்டு வேலைக்கு அதைப் பையில் போடவே விடமாட்டார். "அது எஞ்சினுக்கு. இது பிள்ளை குடிக்கிற தண்ணி" என்பார். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று நம் சுகாதார அமைச்சின் தரநிலை சொல்வதை நான் படித்தது வெகு காலம் கழித்து. மாமா எந்தத் தரநிலையையும் படித்தவர் இல்லை.

செம்புக்குப் பின்னால் ஜி.ஐ. பைப் வரக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். தண்ணீர் போகும் திசையில் முதலில் ஜி.ஐ., பிறகு செம்பு என்றால் பொறுத்துக்கொள்வார். செம்பைத் தொட்டு வரும் தண்ணீர் ஜி.ஐ.யில் விழுந்தால் துத்தநாகப் பூச்சைப் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும். இப்போது வாட்டர் ஹீட்டர் மாட்ட வருகிறவர்கள் நடுவில் ஒரு செம்புத் துண்டைச் செருகிவிட்டுப் போகிறார்கள். பின்னால் இருக்கும் எல்போ பொத்துக்கொண்டால், பைப் பழசு என்று பழி.

இரவில் வேலை இருந்தால் கடைசி ரயில் போன பிறகுதான் தொடங்குவார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தரையில் பைப் ஓடும் இடத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு குந்தியிருப்பார். சிமெண்டுக்கு அடியில் எங்கே ஒழுகுகிறது என்று சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். காலையில் அந்த வட்டத்துக்குள் உடைத்தால் போதும். எனக்கு அந்தக் காது கடைசி வரை முழுதாக வரவில்லை, கருவி வாங்கிக்கொண்டேன்.

அவர் எதற்கும் விட்டுக்கொடுக்காதது தொட்டி விஷயத்தில்தான். வாஷர் மாற்றத்தான் கூப்பிட்டிருப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேல்துவாரத்துக்கு ஏணி போடுவார். வீட்டுக்கார அம்மா, "குழாய் கீழ இருக்கு அண்ணே" என்பார். "தண்ணி மேல இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே ஏறுவார். மூடியைத் தூக்கி டார்ச் அடித்து, அடியில் வண்டல் எவ்வளவு, பால் வால்வ் கை வளைந்திருக்கிறதா, ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் வலை இருக்கிறதா, புழு நெளிகிறதா, பல்லி மிதக்கிறதா, எல்லாம் பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான் வாஷரைத் தொடுவார். ஏறியதற்குத் தனியாகக் காசு கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

தொட்டியில் அப்படி என்ன இருக்கிறது என்பவர்கள் ஒரு தரம் மூடியைத் திறந்து பார்க்கட்டும். ஓட்டுக்கு அடியில், உச்சி வெயிலில், வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிற்கிறது. நிலையத்தில் கலந்த குளோரின் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அடியில் இரும்புத் துருவும் மாங்கனீசும் கறுப்புக் களியாகப் படிகிறது. மூடி விலகியிருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. டிங்கியில் எங்கள் சிலாங்கூர்தான் நாட்டுக்கே முதலிடம். தொட்டித் தண்ணீர் இப்படி என்பதால்தான் அந்தக் காலத்துக் கட்டுமானத்தில் சமையலறைக் குழாயை மட்டும் தொட்டியில் சேர்க்காமல், மெயினிலிருந்து நேரே இழுத்தார்கள். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்குத் தொட்டித் தண்ணீர். வாயில் படுவது நேர்த் தண்ணீர்.

இந்த ஒரு நல்ல ஏற்பாட்டைத்தான் ரினோவேஷன் கெடுத்தது. லிங்க் வீட்டுக்குப் பின்னால் சமையலறையை நீட்டுகிறார்கள். பழைய நேர்க் குழாயை வெட்டி, முனையில் ஒரு கேப் போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். புதுச் சிங்க்குக்குக் குளியலறையில் கைக்கு எட்டிய பைப்பிலிருந்து ஒரு டீ. அந்த டீ தொட்டிப் பைப். அன்றையிலிருந்து அந்தக் குடும்பம் தொட்டித் தண்ணீர் குடிக்கிறது, தெரியாமலே. தாமான் ஸ்ரீ அண்டலாஸ் பக்கம் ஒரு வீட்டில் காலையில் மட்டும் தண்ணீரில் சேற்று வாடை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஃபில்டர் மாற்றியும் போகவில்லை. அங்கே குடிநீர்க் குழாய் தொட்டிக்கு மாறியிருந்ததோடு, கேப் போட்ட பழைய துண்டு வேறு சுவருக்குள் ஒரு ஆள் நீளத்துக்கு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டமில்லாத தண்ணீர் அதில் தேங்கி, இரவெல்லாம் ஊறி, காலையில் முதல் ஆளுக்குக் கொஞ்சம் கலந்து வரும். டைல்ஸை உடைத்து அந்தத் துண்டை டீயோடு சேர்த்து வெட்டி எடுத்தோம். வெட்டிய பைப்பைக் குறுக்கே பார்த்தால், முக்கால் அங்குலத் துவாரத்தில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம். சுற்றிலும் துரு, மேலே வழுவழுவென்று ஒரு படலம். வீட்டுக்காரர் அதைப் படம் பிடித்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினார். நேர்க் குழாய் போடுகிற செலவைச் சொன்னதும், "அடுத்த மாசம் பார்க்கலாம்ணே" என்றார்.

அதே வீட்டுக்காரர்கள்தான் மாதா மாதம் ஃபில்டர் வாடகை கட்டுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு விற்பனையாளர் வந்து இரண்டு கிளாஸ் வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய ஃபில்டர் தண்ணீர். மின்கம்பி மாட்டிய இரும்புக் கம்பிகளை இரண்டிலும் இறக்கினார். குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் காவி நிறமாகி நுரை தட்டியது. "இதைத்தான் உங்க பிள்ளைங்களுக்குக் கொடுக்கறீங்க" என்றார். கூட்டம் 'ச்சீ' என்றது. அந்தக் காவி தண்ணீரில் இருந்தது இல்லை, கம்பியிலிருந்து கரைந்தது. தாது உப்பு இருக்கிற தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும். உப்பையெல்லாம் வடித்துவிட்ட தண்ணீரில் ஓடாது. எழுந்து சொன்னேன். "அங்கிள், பைப் வேலை வேற, கெமிஸ்ட்ரி வேற" என்று சிரித்தார். சங்கத்துச் சமையல்கட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வாங்கி, அவருடைய சுத்தத் தண்ணீரில் போட்டுக் கம்பியை இறக்கச் சொன்னேன். அதுவும் காவியானது. அப்படியும் அன்று மாலை பாரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய. கைதட்டு எனக்கு, வியாபாரம் அவருக்கு.

ஃபில்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாட்டுகிற இடம் தெரிந்து மாட்ட வேண்டும். இப்போது பையன்கள் வீட்டு வாசலிலேயே, தொட்டிக்கு முன்னால், கார்பன் ஃபில்டரை வைக்கிறார்கள். கார்பன் முதலில் பிடித்துக்கொள்வது குளோரினைத்தான். குளோரின் போன தண்ணீரைக் கொண்டுபோய் வெயிலில் காயும் தொட்டியில் நிரப்பினால் என்ன வளரும்? என் பையில் எப்போதும் டி.பி.டி. மாத்திரை இருக்கும். மீட்டர் பக்கத்துத் தண்ணீரில் போட்டால் ரோஜா நிறம் வரும். கார்பன் வைத்த வீட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டால் நிறமே வராது. குளோரின் மிச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது தரநிலை. தம்பி மகனிடம் நிறம் வராத அந்தத் தண்ணீரைச் சீசாவில் காட்டினேன். "கஸ்டமர் கேக்கறாங்க பெரியப்பா" என்றான். கஸ்டமர் கேட்டால் மெயின் பைப்பிலேயே நேராகப் பம்பும் மாட்டுவார்களாம். அது சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். உறிஞ்சும்போது தெருவில் எங்கே ஒழுக்கு இருக்கிறதோ அங்கே சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும் என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

பைப்புக்குள் படிந்திருப்பதும் ஒரு நாள் வெளியே வரும். அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். பைப்பை அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பைப்புக்குள் பல வருடம் படிந்திருந்த படலம் உரிந்து, ஈயம் பிள்ளைகளின் உடம்புக்குள் போனது. நம் பக்கம் அவ்வளவு ஈயப் பைப் இல்லை. ஆனாலும் தண்ணீர் வெட்டு முடிந்து திரும்ப வரும்போது முதலில் வரும் பழுப்பு, பைப்பின் உட்சுவரிலிருந்து உரிந்ததுதான். அதைத் தொட்டிக்குள் ஏற விடாமல் வெளிக் குழாயில் ஓடவிட வேண்டும். இதையும் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொட்டிக்கு ஏறும் வழியில் இன்னொரு ஆபத்து, பழைய சீலிங். அந்தக் கால வீடுகளில் பல அஸ்பெஸ்டாஸ் பலகை. முழுப் பலகையாக அசையாமல் இருந்தால் கேடு இல்லை. கிரைண்டர் வைத்து அறுத்தால் அந்தத் தூசியை மூச்சோடு இழுக்கிறவனுக்கு நுரையீரலில் புற்று வரலாம். மாமா காலத்தில் இதை யாரும் சொல்லவில்லை. தூசி பிடிக்காது என்பதற்காகவே பலகையை நனைத்து, ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். இப்போது சட்டப்படி அந்தக் கழிவைத் தனியாக ஒப்படைக்க வேண்டும். ஆனால் ராத்திரியில் சாலையோரம் உடைந்து கிடக்கிறது. முகமூடிகூடப் போடாமல் இரண்டு பையன்கள் அறுப்பதைப் போன மாதம் பக்கத்துத் தெருவில் பார்த்தேன். கத்தினேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடித் தொட்டிதான் எல்லாம். கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று நிர்வாகக் குழுவைக் கேளுங்கள். தரை வீட்டுக்காரர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்து சில நிமிடம் விடுங்கள். தண்ணீர் நின்றுபோனால் உங்கள் குடிநீர் நேராக வருகிறது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் நீங்கள் குடிப்பது தொட்டித் தண்ணீர். பெர்மிட் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு நேர்க் குழாய் போடச் சொல்லுங்கள். வந்தவர் டார்ச்சும் ஏணியும் கேட்காமல் ஃபில்டர் கேட்டலாக்கை எடுத்தால், காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.