காடாத் துணி வரைபடமும் நாலு நாட்டுப் பயணமும்

 

போன வாரம் மகள் போட்ட ஒரு வரிப் பதிவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஐரோப்பா போறீங்களாமே, எத்தனை நாடு, எவ்வளவு செலவு" என்று இருபது பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது. அதனால் இங்கேயே மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிதில்லை.

போகிறவர்கள் ஐந்து பேர். நான், எங்க வீட்டுக்காரர், மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேரன். மே மாதம், பேரனின் லீவில்.

முதலில் ஒரு ஏஜென்ட்டிடம்தான் கேட்டோம். பாரிஸில் ஆரம்பித்து ரோமில் முடியும், பத்து நாளில் ஏழு நாடு. ஐந்து பேருக்குப் பன்னிரண்டு லட்சத்தைத் தொட்டது. பேரனுக்கு ஏழு நாடு என்றதும் தலைகால் புரியவில்லை. நான் வழக்கம்போல ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கூட்டினேன். கொலோனிலிருந்து சூரிச் வரைக்குமே 500 கிலோமீட்டருக்கு மேல். பாதி ஊர்களுக்கு எதிரே 'போட்டோ ஸ்டாப்' என்று போட்டிருந்தது. இறங்கிப் போட்டோ எடுத்துவிட்டு ஏற வேண்டும், அவ்வளவுதான்.

பஸ்ஸை விடுங்கள். உங்களில் பலருக்கு எங்க வீட்டுக்காரரின் முட்டி விஷயம் தெரியாது. இரண்டு வருஷமாகவே வலது முட்டி தேய்ந்துபோயிருக்கிறது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், ஆனால் அவசரமில்லை, ஒரு வருஷம் பொறுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கென்று நாலு லட்சம் ரூபாய் பேங்கில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. பன்னிரண்டு லட்சத்தில் எங்கள் பங்கைக் கொடுத்தால் அந்தப் பணத்தில்தான் கைவைக்க வேண்டும். அதை அவரிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "முட்டி எங்கேயும் ஓடிடாது டீச்சர். ஐரோப்பாவை முதல்ல பாத்துடுவோம்."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "சரி, நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கிறேன். என்னால உங்களுக்கு அங்க இடைஞ்சல்தான்" என்றார். மகளும் யோசித்துவிட்டு, "அப்பா சொல்றதும் ஒரு வகையில சரிதாம்மா" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் பீரோவைத் திறந்து அந்தக் காடாத் துணி வரைபடத்தை எடுத்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஆணியில் தொங்கும், மேலும் கீழும் மூங்கில் குச்சி. 1989-ல் பாடத்துணைக்கருவிக்காக நான் திண்டாடியபோது, ஆபீஸிலிருந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அதை வரைந்து கொடுத்தவர் அவர்தான். அடுத்த வருஷமே இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகிவிட்டன. வெள்ளைப் பெயிண்ட் வைத்து நடுக்கோட்டை அழித்தார். 1993 ஜனவரி முதல் தேதி செக்கோஸ்லோவாகியா இரண்டாகப் பிரிந்தது. சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்தார். "உங்க ஐரோப்பாக்காரங்க என்னைச் சும்மா இருக்க விடமாட்டாங்க போல" என்று அலுத்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த மனிதரை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு நான் மட்டும் போய் என்னத்தைப் பார்க்கப்போகிறேன்?

அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எங்கள் பயணத்தை வைத்துக்கொண்டோம். செக், ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி. பாரிஸும் இல்லை, சுவிட்சர்லாந்தும் இல்லை. மாப்பிள்ளைக்கு முதலில் முகம் கொஞ்சம் சுருங்கியது. கணக்கைப் பார்த்ததும் சரியாகிவிட்டார்.

ஒன்பது இரவு. பிராக்கில் மூன்று, வியன்னாவில் நாலு, புடாபெஸ்ட்டில் இரண்டு. விமானம் வளைகுடாவில் ஓரிடத்தில் மாறி பிராக்கில் இறக்கும். திரும்பும்போது புடாபெஸ்ட்டில் ஏறுவோம். வந்த வழியே திரும்புகிற செலவும் அலைச்சலும் மிச்சம். நடுவில் எல்லாம் ரயில்தான். பிராக்கிலிருந்து வியன்னாவுக்குச் சுமார் நாலு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட் மூன்று மணி நேரத்துக்குள். ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவா வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரம்தான். நம் ஊரிலிருந்து மதுரை போவதைவிடப் பக்கம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம், பெட்டியைத் தூக்க வேண்டாம். ரயில் டிக்கெட் முன்கூட்டி எடுத்தால் நல்ல மலிவு. கடைசி நேரத்தில் எடுத்தால் மூன்று மடங்குகூட ஆகிறது.

விசா பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே ஷெங்கன் விசாவில் நாலு நாடும் அடக்கம். (ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் உள்ள சின்னக் கிராமம். 1985-ல் அங்கேதான் ஒப்பந்தம் போட்டார்கள். இப்போது 29 நாடுகள் சேர்ந்திருக்கின்றன.) எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால், முதலில் கால்வைக்கும் நாடு. எங்களுக்கு ஆஸ்திரியா. பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் எங்களுக்கு 40,500 ரூபாய், அதற்கு மேல் மையத்தின் கட்டணம் வேறு. விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்பாது. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம்வரை இருக்காதீர்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்தே ஆக வேண்டும். அதில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற பகுதியை நான் மூன்று தடவை படித்தேன். முட்டி அதில்தான் மாட்டுகிறது. அங்கே போய் முட்டி வீங்கினால் அந்தச் செலவு எங்கள் கையிலிருந்துதான் போகும். அதற்காக ஐம்பதாயிரம் தனியாக எடுத்துவைத்திருக்கிறோம்.

அது போக, இந்தப் பயணத்தின் டைம்டேபிளே முட்டிதான். தங்கும் வீடுகளில் லிஃப்ட் உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகுதான் முன்பணம். மதியத்துக்கு மேல் ஓரிடம்தான். பிராக் கோட்டை மேட்டில் இருக்கிறது, ஆனால் 22-ம் நம்பர் டிராம் மேலே வரை போகிறது. 1410-ல் செய்த கடிகாரத்தை மணிக்கு மணி பொம்மைகள் வரும்போது கீழே நின்று பார்ப்போம், கோபுரம் ஏற மாட்டோம். வியன்னாவில் 1897-ல் வைத்த பெரிய ராட்டினம் பேரனுக்கு. புடாபெஸ்ட்டில் 1896-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோவும் அவனுக்குத்தான். அது தெருவுக்குச் சற்றுக் கீழேயே ஓடுவதால் படிகள் கொஞ்சம்தான். எனக்கு டான்யூப் போதும். முப்பது வருஷத்துக்கு மேல் பிரம்பு நுனியால் தொட்டுக் காட்டிய ஆறு. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் மூன்றும் அதன் கரைதான்.

சமையலறை உள்ள வீடாகப் பார்த்திருக்கிறோம். ஒரு வேளைச் சாப்பாடு வீட்டில். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சின்ன ரைஸ் குக்கர். நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோகக் கூடாது; இறைச்சியும் பால் பொருளும் வெளியிலிருந்து அங்கே அனுமதியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி பால்கோவா இல்லாமல் ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை. டிராம் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று பேரன் இப்போதே எல்லாருக்கும் பாடம் எடுக்கிறான்.

மொத்தம் ஆறரை லட்சத்துக்குள் முடிகிறது. விமானம் மாப்பிள்ளை செலவு. தங்குவதும் சாப்பாடும் எங்கள் சீட்டுப் பணத்தில். முட்டி டெபாசிட் அப்படியே இருக்கிறது. ஊர் திரும்பியதும் ஜூலையில் ஆபரேஷன். டாக்டரிடம் தேதியும் வாங்கிவிட்டேன். அதற்குச் சம்மதித்த பிறகுதான் அவருக்கு டிக்கெட் போட்டோம்.

வருகிற புதன்கிழமை சென்னையில் கைரேகை வைக்கப் போகிறோம். பென்ஷன் புத்தகம், பேங்க் கணக்கு நகல், தங்குமிட ரசீது எல்லாவற்றையும் கோப்பில் வரிசையாக அடுக்கியாயிற்று. அவர் அந்தத் துணி வரைபடத்தையும் மடித்துப் பையில் வைத்திருக்கிறார். விசாக்காரர்கள் கேட்கமாட்டார்கள் என்று சொன்னால், "கேட்டா காட்டலாம்ல" என்கிறார்.

வியன்னாப் பக்கமோ புடாபெஸ்ட் பக்கமோ நம் பள்ளிப் பிள்ளைகள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பச்சை மிளகாய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்