இடது மேலறையின் வரைபடம்

ஜனவரி 6, திங்கள். பங்காருபேட்டை

விடியற்காலையில் அப்பாவுக்கு மறுபடியும் படபடப்பு. இதற்கு முன்பெல்லாம் டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். இன்று படபடப்பு இருக்கும்போதே ஸ்டேஷன் பக்கத்துக் கிளினிக்கில் எடுத்துவிட்டார்கள். காகிதத்தில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய சின்ன மேடு, அந்த 'பி' அலை, எங்குமே இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் டாக்டர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகின்றன. ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையை இன்றே தொடங்கியாயிற்று.

ஜனவரி 9, வியாழன். பெங்களூரு

முதலில் எக்கோ பார்த்தார்கள். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, அதனாலேயே இந்தக் கோளாறு வருவது நம் நாட்டில் இன்னும் உண்டு. அப்படியிருந்தால் வைத்தியமே வேறு. அப்பாவின் வால்வு நன்றாக இருக்கிறது. அதனால் அபிளேஷன் செய்யலாம் என்றார்கள்.

1998-இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஹாய்சகேரின் குழு 45 நோயாளிகளைச் சோதித்தது. கோளாறைத் தூண்டும் மின்துடிப்பு பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளுக்குள்ளிருந்தே கிளம்புகிறது என்று கண்டார்கள். அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு வளையம் உண்டாக்கினால் துடிப்பு தாண்டி வராது. அதுதான் அபிளேஷன்.

ஜனவரி 21, செவ்வாய். பெங்களூரு

தொண்டை வழியாக எக்கோ எடுத்து, மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதிசெய்த பிறகே கேத் லேபுக்கு அழைத்துப் போனார்கள். தொடை இடுக்குச் சிரை வழியாகக் குழாய் வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் சேர்கிறது. அதன் முனை சுவரை இடம் இடமாகத் தொடத் தொட, கணினியில் அறையின் முப்பரிமாணப் படம் உருவாகிறது. நல்ல தசை ஊதா, செத்த தசை சிவப்பு. அப்பாவுக்கு ஏறக்குறைய முழுக்க ஊதா.

சிகிச்சை முடிந்து படத்தைக் காட்டினார் டாக்டர். 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதன் சாம்பியன் ரீஃப் பிரிவில் உழைத்தவர் அப்பா. "ஷாஃப்ட்டு, லெவலு, எல்லாம் போட்டு எங்க ஆபீஸ்ல மாட்டியிருந்த பிளான் மாதிரியே இருக்கு சார்" என்றார்.

தழும்பு வளையத்தைக் குழாய் முனையின் சூட்டால் போட்டார்கள். சூடு 50 டிகிரியைத் தாண்டினால்தான் தசை நிரந்தரமாகச் செயலிழக்கும். ஆனால் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் இருக்கிறது. அதனால் அங்கே குறைந்த நேரமே சூடு கொடுத்தார்கள். சூட்டுக்குப் பதிலாக, உறையவைக்கும் பலூனும் உண்டு. உணவுக்குழாயைப் பெரும்பாலும் பாதிக்காத மின்புல அபிளேஷனும் இப்போது வந்திருக்கிறது. கடைசியில், சிரைகளிலிருந்து எந்தத் துடிப்பும் தாண்டி வரவில்லை என்று சோதித்துவிட்டே முடித்தார்கள்.

ஏப்ரல் 24, வியாழன். பங்காருபேட்டை

முதல் சில வாரங்களில் இடையிடையே படபடப்பு வந்தது. தழும்பு ஆறும்வரை, அதாவது முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு, அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது ஈசிஜி சீராக இருக்கிறது. சிலருக்குத் திரும்ப வரும், மறுபடி செய்யவேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

"படபடப்பே இல்லையே, மாத்திரை எதுக்குடா?" என்கிறார் அப்பா. வயது 68, ரத்தக்கொதிப்பும் இருக்கிறது. பக்கவாத ஆபத்தை வைத்துத்தான் அந்த மாத்திரை. துடிப்பு சீரானதால் அதை நிறுத்திவிட முடியாது. இதைத் தினமும் சொல்லவேண்டியிருக்கிறது, சொல்லுவேன்.

எங்கள் பக்கம் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றே: மாதத்துக்கு ஒருமுறையாவது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க நாடி பாருங்கள். தாறுமாறாக இருந்தால், அடங்கட்டும் என்று காத்திருக்காமல், அப்போதே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.