அருவாளுக்குள்ள இருக்கிற மணி

போன மாசம் வரப்போரம் வேலிகாத்தான் வெட்டிக்கிட்டிருந்தேன். நாலாவது வெட்டுல அருவா ரெண்டாத் துண்டாகி, முனை என் காலைத் தாண்டிப் போய் விழுந்தது. அடிச்சு ஒரு வாரம்கூட ஆகலை. நேரா ஆசாரி பட்டறைக்குப் போய், நாலு பேர் முன்னாடி அவரைக் கண்டபடி பேசிட்டு வந்தேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். திருப்பி ஒரு வார்த்தை சொல்லலை.

என் தம்பி மகன் ஈக்காட்டுத்தாங்கல்ல ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில வேலை செய்யறான். 1958-ல தொடங்கின கிண்டி தொழிற்பேட்டை அங்கே பக்கந்தான். ஒரு விசேஷத்துக்குச் சென்னை வந்தப்போ உடைஞ்ச துண்டையும் பையில போட்டுக்கிட்டு வந்தேன்.

பார்த்ததுமே, "ரொம்பக் காய்ச்சிட்டாங்க பெரியப்பா"ன்னான். உடைஞ்ச இடம் சர்க்கரை தூவின மாதிரி மினுமினுன்னு இருந்தது. அவன் காட்டின நல்ல பதமான துண்டோ, உடைஞ்ச இடத்துல சாம்பல் நிறத்துல மாவு மாதிரி இருந்தது.

எஃகுக்குள்ளயும் மணி மணியாத்தான் இருக்காம். லாரிப் பட்டையில அடிச்ச அருவாளுக்குச் சுமார் 850 டிகிரி போதும். அந்தச் சூட்டுல பழைய மணி அழிஞ்சு, புதுசாப் பொடி மணி பிறக்கும். அப்பவே எடுத்து எண்ணெயில முக்கணும். 1000 டிகிரியைத் தாண்டினாலோ, நெருப்புலயே ரொம்ப நேரம் கிடந்தாலோ, பெரிய மணி பக்கத்துச் சின்ன மணியை விழுங்கிப் பெருத்துடும். அப்புறம் விரிசல் சுலபமா ஓடும். நெல்லுல மணி பெருத்தா சந்தோஷப்படுற ஆளு நான். எஃகுல அது ஆகாதாம்.

"சூடு கொஞ்சம் இறங்கினா சரியாயிடாதா?"ன்னு கேட்டேன்.

"செவப்பா இருக்கும்போதே முக்கினா, பெருத்த மணி அப்படியேதான் நிக்கும். நல்லா ஆறவிட்டு, மறுபடி சரியான சூட்டுக்கு ஏத்தினாதான் பொடியாகும்."

நான் காரணமாத்தான் கேட்டேன். அன்னைக்கு ஆசாரி டீ குடிக்கப் போனப்போ, "ஊதாம பார்த்துக்க தம்பி"ன்னு சொல்லிட்டுத்தான் போனார். நல்லாக் காஞ்சா கெட்டியாகும்னு நெனச்சு நான் ப்ளோயரைச் சுத்திக்கிட்டே இருந்தேன். இரும்பு மஞ்சளாப் போச்சு. பயந்து நிறுத்தினேன். அவர் வரும்போது நிறம் செவப்புக்கு இறங்கியிருந்தது. எடுத்து முக்கிட்டார். நான் வாயைத் திறக்கலை.

ஊருக்கு வந்ததும், பட்டறையில ஆளுங்க இருக்கிற நேரமாப் பார்த்துப் போய் நடந்ததைச் சொன்னேன். "மன்னிச்சுக்கங்க அண்ணே"ன்னேன்.

ஆசாரி கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "வேற பட்டை கொண்டா. இந்தத் தடவை டீ வாங்க நீ போ."