வில்லனைக் காப்பாற்றும் ஓட்டைகள்

தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பதும் அவற்றைப் பற்றி எழுதுவதும் மூத்த பத்திரிகையாளன் ஒருவனுக்கு அழகல்ல என்று கருதும் நண்பர்கள் சிலர் எனக்கு உள்ளனர். அவர்களது வீடுகளிலும் மாலை வேளைகளில் அதே தொடர்கள்தான் ஓடுகின்றன. பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அவர்களது காது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நான் மறைப்பதில்லை. பார்க்கிறேன். பார்ப்பதோடு நில்லாது, கதையில் ஓட்டை எங்கே என்று தேடவும் செய்கிறேன்.

இது தொழில் தந்த பழக்கம். ஆசிரிய பீடத்தில் அமர்ந்து மற்றவர்களின் செய்திகளைப் பல ஆண்டுகள் திருத்தியவனுக்கு, முதற் பந்தியில் 40 வயதாக இருந்தவர் கடைசிப் பந்தியில் 45 வயதாகிவிட்டால் கண் தானாகவே அங்கே நின்றுவிடும். அதே கண்ணோடு தொடர் நாடகத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ராதிகாவின் 'சித்தி' 1999ஆம் ஆண்டின் இறுதியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. திருமுருகனின் 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை 800க்கும் அதிகமான அத்தியாயங்கள் ஓடியது. திருச்செல்வத்தின் 'கோலங்கள்' 2003 நவம்பரில் ஆரம்பித்து 2009 டிசம்பரில்தான் முடிந்தது. 1,500 அத்தியாயங்களைத் தாண்டியது. தமிழகத்துக்காக எடுக்கப்பட்ட இத்தொடர்களைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர்கள் தம் வீட்டுக் கதைபோலவே பார்த்தார்கள். எனது மூத்த சகோதரியும் அவர்களுள் ஒருவர். அக்கா ஒரு அத்தியாயத்தைத் தவறவிட்டு நான் பார்த்ததாக நினைவில்லை. கதாபாத்திரங்களின் வயது, உறவுமுறை, எந்த ஆண்டில் யார் யாருக்கு என்ன துரோகம் செய்தார் என்பவை எல்லாம் அவருக்கு மனப்பாடம். நல்ல ஒப்புநோக்காளர் ஒருவருக்கு இருக்க வேண்டிய ஞாபகசக்தி அது.

ஓட்டைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாழ்க்கையே கதைக்குள் புகுந்து இடும் ஓட்டைகள் சில உண்டு. திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி, அத்தொடருக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்த வேளையில் மாரடைப்பு ஏற்பட்டுக் காலமானார். வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஒரு கொடுமைக்காரனை, பார்ப்பவர் வெறுத்துக்கொண்டே ரசிக்கும்படி செய்த நடிகர் அவர். சிறிது காலம் அந்தப் பாத்திரம் திரையில் தோன்றாமலேயே கதை நகர்ந்தது. பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். முகம் மாறியது, குரல் மாறியது, நடை மாறியது. கதையில் உள்ளவர்கள் மட்டும் எதுவுமே மாறாதது போலப் பேசினார்கள். இதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. 'இவருக்குப் பதில் இனி இவர்' என்ற ஒற்றை அறிவிப்பை ஏற்றுக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போகும் பெருந்தன்மை தமிழ் நேயர்களுக்கு எப்போதும் இருந்து வந்திருக்கிறது.

அமெரிக்கர்கள் இதைவிடப் பெரிய ஓட்டையைக் கண்டவர்கள். 'டலஸ்' தொடரில் பொபி என்ற பாத்திரம் 1985இல் இறந்து போனது. அதில் நடித்த பற்றிக் டஃபி தொடரை விட்டு விலகியதே காரணம். ஓராண்டில் அவரைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. செத்தவரை எப்படிக் கொண்டு வருவது? 1986இல், இடைப்பட்ட ஓராண்டுக் கதை முழுவதும் பொபியின் மனைவி கண்ட கனவு என்று சொல்லிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 'டலஸ்' தொடரிலிருந்து கிளைத்த 'நொட்ஸ் லாண்டிங்' தொடரில் பொபியின் மரணத்தை வைத்து ஏற்கெனவே கதை நகர்ந்துவிட்டது. அங்கே அவர் இறந்தவராகவே இருந்தார். ஒரே மனிதர் ஒரு தொடரில் உயிரோடும் மற்றத் தொடரில் கல்லறையிலும் இருந்தார்.

அடுத்த வகை, சோம்பலால் வரும் ஓட்டைகள். நமது தொடர்களில் வெற்று முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் அரண்மனை போன்ற வீடும் ஆலையும் அன்று மாலையே கைமாறிவிடும். இந்தியாவில் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட வேண்டும். அதற்குப் பதிவு அலுவலகம் என்று ஓர் இடம் உண்டு. இலங்கையில் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி காணி உறுதியை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுத வேண்டும். பரம்பரைக் காணியின் கால்பங்கை எழுதுவதற்கே கச்சேரிக்கும் நொத்தாரிசு வீட்டுக்கும் மாதக்கணக்கில் நடந்த நம்மவர்கள், இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காமல் வேறென்ன செய்வார்கள்?

உண்மையை அறிந்த மனிதர் அதைக் கைத்தொலைபேசியில் சொல்லாமல் நேரில் சொல்லப் புறப்பட்டு வழியில் விபத்தில் சிக்குவதும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உரத்த குரலில் சதித்திட்டம் தீட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கும் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆனால் ஒன்றுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. விருப்பமில்லாத பெண்ணின் கழுத்தில் ஒருவன் பலவந்தமாகத் தாலியைக் கட்டிவிடுவான். அந்தக் கணத்திலிருந்து அவள் அவனுடைய மனைவி என்று அவளும் நம்புவாள், அவளைப் பெற்றவர்களும் நம்புவார்கள், ஊரும் நம்பும். கதை அங்கிருந்து இருநூறு அத்தியாயங்கள் நடக்கும். இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமோ, பலவந்தத்தாலோ ஏமாற்றியோ சம்மதம் பெறப்பட்ட திருமணத்தை இரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமையை அந்தப் பெண்ணுக்குத் தருகிறது. ஒரு சட்டத்தரணியிடம் போனாலே முடிந்துவிடக் கூடிய சிக்கல் அது. போகக்கூடாது என்பதற்காக, அப்படி ஒரு வழி இருப்பதையே கதையில் எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. காணி உறுதிக் காட்சியை நம்பி எவரும் தம் காணியை இழக்கப் போவதில்லை. தாலிக் காட்சியை நம்பும் பதினெட்டு வயதுப் பெண் எங்கோ ஓர் ஊரில் இருக்கக்கூடும்.

இங்கிருந்துதான் நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். இந்தத் தொடர்களில் உள்ள மிகப் பெரிய ஓட்டை சம்பவங்களில் இல்லை, பாத்திரங்களில் இருக்கிறது.

'கோலங்கள்' அபியை எடுத்துக்கொள்ளுங்கள். தேவயானி நடித்த அந்தப் பாத்திரம், தமிழ்ச் சின்னத்திரை தந்த மதிக்கத்தக்க பெண்களுள் ஒன்று. குடும்பத்தைச் சுமந்தவள். கணவனால் கைவிடப்பட்ட பின்னும் நிமிர்ந்து நின்றவள். ஆண்கள் கோலோச்சும் கட்டட நிர்மாணத் தொழிலில் சொந்த நிறுவனம் நடத்தியவள். அவளது எதிரி ஆதி. அவன் பணக்காரன், குரூரன். அவன் ஒரு முறை சதி செய்தால் கதை. மூன்று முறை செய்தால் விறுவிறுப்பு. ஆறு ஆண்டுகள் அவன் சதி செய்துகொண்டே இருக்க வேண்டுமென்றால், அந்த ஆறு ஆண்டுகளும் அபி எதையும் கற்றுக்கொள்ளாதவளாக இருந்தாக வேண்டும். கையில் உள்ள ஆதாரத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கத் தெரியாதவளாக, ஏமாற்றியவரின் கண்ணீரை மீண்டும் நம்புகிறவளாக அவள் ஆக வேண்டும். காலையில் கோடிக்கணக்கான ரூபா ஒப்பந்தம் ஒன்றின் சிறு எழுத்துக்களை வாசித்து நுணுக்கமாகப் பேசும் பெண், மாலையில் குழந்தையும் நம்பாத பொய்யை நம்புவாள்.

அக்கா ஒருநாள் தொலைக்காட்சியைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "இவளுக்கென்ன விசரே? போன வருசமும் இப்பிடி நம்பித்தானே கெட்டவள். நானெண்டாலும் மறக்கேல்லை, அவள் மறந்திட்டாள்."

விமர்சகர் எவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. பாத்திரம் தன் வாழ்க்கையை மறந்துவிட்டது, பார்ப்பவர் மறக்கவில்லை. வில்லன் தப்பிச் செல்ல ஒரு வாசல் தேவைப்படுகிறது. அந்த வாசலைத் திறப்பதற்கு அவனுடைய சாமர்த்தியம் போதவில்லை. ஆகவே கதாநாயகியின் மூளையிலிருந்து ஒரு செங்கல்லை உருவி எடுக்கிறார்கள். கதையின் ஓட்டை அடைபடுகிறது, பெண்ணின் அறிவில் ஓட்டை விழுகிறது. பெரும்பாலும் பெண்ணின் அறிவில்தான் விழுகிறது.

'எதிர்நீச்சல்' இதைவிட ஒரு படி மேலே போயிருக்க வேண்டிய தொடர். 2022இல் தொடங்கியபோது அந்த வீட்டு மருமகள்கள் சமையலறையில் கூடிப் பேசிய பேச்சில் இருந்த உண்மை, வேறெந்தத் தொடரிலும் நான் கேட்டறியாதது. அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு யாருக்கு என்ற கேள்வி, சொத்தில் பெண்ணுக்குள்ள உரிமை பற்றிய நல்லதொரு கேள்வியாகவே ஆரம்பித்தது. ஆனால் நாளடைவில் அங்கும் அதே நோய் பற்றிக்கொண்டது. படித்தவளான ஜனனியும் மற்ற மருமகள்களும் ஒவ்வொரு முறையும் வெளியே ஓரடி வைக்கிறார்கள். குணசேகரன் அதை இழுத்து மூடுகிறார். மீண்டும் முதற் சதுரம். பிற்காலத்தில் மகள் தர்ஷினி கடத்தப்பட்ட கதை இழுபட்ட இழுவையில், எந்தக் கேள்வியோடு தொடர் ஆரம்பித்தது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. 2024 ஜூனில் அத்தொடர் நிறைவுற்று, அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோது, பழைய கேள்விகள் பலவும் பதிலின்றியே இருந்தன.

இப்படித்தான் எடுக்க முடியுமா? இல்லை. 'மெட்டி ஒலி'யில் சேத்தன் நடித்த மாணிக்கத்தை நினைத்துப் பாருங்கள். தாயின் சொல்லுக்கு அப்பால் சிந்திக்காத கணவன் அவன். அவன் செய்த கொடுமைகள் நம்மைக் கோபப்படுத்தின, ஆனால் அவை எதுவும் அவனுக்குப் பொருந்தாதவையாக இருக்கவில்லை. சாந்தி வில்லியம்ஸ் நடித்த அந்தத் தாய் ராஜமும் அவ்வாறே. அடுத்த தெருவில் அப்படி ஒருத்தி இருந்தாள். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக வந்த டெல்லி குமாரின் தளர்ந்த நடையில் பல தந்தையர் தம்மைக் கண்டார்கள். அங்கே கதை மனிதர்களின் குணத்திலிருந்து பிறந்தது.

ஜப்பானின் 'ஒஷின்' இன்னொரு உதாரணம். 1983 ஏப்ரல் முதல் ஓராண்டு காலம், காலைதோறும் 15 நிமிடங்கள் என 297 அத்தியாயங்கள். இலங்கையிலும் ஒளிபரப்பாகி மொழி வேறுபாடின்றி அனைவரையும் அழவைத்த தொடர் அது. சுகாகோ ஹஷிடா என்ற பெண்மணி எழுதியது. கதை தொடங்கும்போதே ஒஷின் முதியவள். தன் குடும்பத்தின் புதிய கடை திறக்கப்படும் நாளில் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்பட்டு, வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கிறாள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது முதல் நாளிலேயே எழுதியவருக்குத் தெரியும். ஒஷினும் மாமியாரிடம் சொல்லொணாத் துன்பம் அனுபவித்தாள். ஆனால் ஆயிரம் அத்தியாயங்களுக்கு அங்கேயே இருந்து அழவில்லை. ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறினாள்.

நமது தொடர்களின் முடிவை எழுதுபவர் தீர்மானிப்பதில்லை. வாராவாரம் வரும் பார்வையாளர் கணக்கு தீர்மானிக்கிறது. கணக்கு நன்றாக இருக்கும்வரை முடிக்க விடமாட்டார்கள். இதையும் நான் அறிவேன். பத்திரிகையிலும் விற்பனைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அவர்களோடு மல்லுக்கட்டியவன்தான் நானும். ஆயினும், நேற்றைய இதழில் நாமே எழுதியதை இன்று மறந்ததுபோல் எழுதினால் வாசகர் கடிதம் வந்து குவியும் என்ற பயம் எங்களுக்கு இருந்தது. 1954இல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, பாத்திரங்களின் பின்கதை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்டார்கள் என்பதற்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். தொடர்கதை என்பது வாசகனின் ஞாபகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

"வெறும் பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கலாம். பனி மூடிய நகரமொன்றில், பிள்ளைகள் வேலைக்குப் போன பின் பகல் முழுவதும் வீட்டில் தனித்திருக்கும் ஒரு தாய்க்கு, தன் மொழியில் பேசும் மனிதர்கள் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறார்கள். அவர் அபியோடு ஆறு வருடம் வாழ்ந்திருக்கிறார். சில உறவினரோடுகூட அவ்வளவு நாட்கள் பேசியிருக்க மாட்டார். அவருடைய ஞாபகத்தை மதிப்பது பெரிய இலக்கியக் கடமை ஒன்றுமல்ல. வீட்டுக்கு வரும் விருந்தாளி காட்ட வேண்டிய மரியாதை.

வில்லன்கள் வெல்லட்டும். கதைக்கு அது வேண்டும். ஆனால் தங்கள் சொந்தச் சாமர்த்தியத்தால் வெல்லட்டும். கதாநாயகி தோற்கவும் செய்யலாம். தோற்றவள் அடுத்த முறை அதே கதவால் நுழையாதிருந்தால் போதும். அந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் பல தொடர்கள் 300 அத்தியாயங்களில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். முடியட்டுமே. அடுத்த கதையைப் பார்க்க நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம்.